எருமை, தொண்ணூற்றேழு விழுக்காடு

இந்த அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது, சார். எங்கள் மாடியில் பதினாறு கணினிக்கு ஒரே விசிறி, அதுவும் முனகிக்கொண்டுதான் சுற்றும். இரண்டு நிமிடம் காற்று வாங்கிக்கொள்கிறேன். பிறகு நீங்கள் கேட்டதையெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

பெயர் அம்சவள்ளி. சொந்த ஊர் பூலாம்பாடி. வயது நாற்பத்திரண்டு. நிலாவிழி நிறுவனத்தில் நான் மூன்றாவதாகச் சேர்ந்த ஆள். முதல் ஆள் முதலாளி அறிவரசன், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். இரண்டாவது ஆள் ஒரே மாதத்தில் சிங்கப்பூர் போய்விட்டார். ஆகவே என்னை இரண்டாவது என்றும் சொல்லலாம். நான் சொல்லிக்கொள்வதில்லை.

அப்போது பெரம்பலூரில் ஓர் உரக்கடைக்கு மேலே வாடகை மாடிதான் எங்கள் ஆபீஸ். ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் வண்டிகளுக்குக் கண் செய்கிறோம் என்று தம்பி சொன்னார். லைடார் சென்சார் என்று பெயர். தூக்குவாளி அளவில் வண்டியின் தலையில் உட்கார்ந்து சுற்றும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசி, பட்டுத் திரும்புவதை வைத்து எதிரே இருப்பதைப் புள்ளி புள்ளியாகப் படம் போடும். முகம் தெரியாது, நிறம் தெரியாது. உருவமும் நடையும் மட்டும்தான். அந்தப் புள்ளிக்கூட்டம் மனிதனா மரமா என்று வண்டிக்குத் தெரியாது. யாராவது ஒவ்வொன்றையும் சுற்றிப் பெட்டி போட்டுப் பெயர் எழுத வேண்டும். லட்சக்கணக்கில் எழுதிக் கொடுத்தால் வண்டி தானே படித்துக்கொள்ளும். அந்தப் பிரிவுக்கு நான் பொறுப்பு. எனக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள். ஒரு வகையில் அந்த வண்டிகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவள் நான்.

இரண்டாம் வருடம் தம்பியின் மைத்துனர் இளையபெருமாள் மேலாளராக வந்தார். கெட்டவர் இல்லை. நல்ல வயிறு. இரண்டு கையையும் உடம்பில் ஒட்டாமல் அகட்டி, முழங்கையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடப்பார். சோதனை வண்டி வரும்போது அதன் குறுக்கே நடப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. வண்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? அதனால் எங்களுக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் அவர்தான் இருப்பார்.

அந்த வருடம் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். சின்ன ஊரிலிருந்து வளரும் நிறுவனம் என்று எழுதப் போவதாகச் சொன்னார். எல்லோரும் மாடிப்படியில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். கடைசி நொடியில் இளையபெருமாள் வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"கொஞ்சம் நவுருங்க," என்றேன்.

"அட வுடுங்கக்கா. பெட்டி போடுற வேலைக்கு மொகம் எதுக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பத்திரிகையில் என் முழங்கை மட்டும் வந்திருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. முழங்கை தெளிவாக வந்திருந்தது.

மறுநாள் காலை முதல் படத்தில் அவர் நடந்து வந்தார். பெட்டி போட்டேன். பெயர் எழுதும் இடத்தில் 'எருமை' என்று எழுதினேன். அவ்வளவுதான். ஒரு படம். மனம் லேசாக இருந்தது. அதனால் அடுத்த படத்திலும் எழுதினேன்.

பெண்களில் சத்யா மட்டும் ஒருநாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"யக்கா, இது நம்ம இளையபெருமாள் சார் மாதிரி இல்ல?"

"எங்க பாப்பா? எருமடி அது."

"கொம்பு இல்லயேக்கா."

"கொம்பு இல்லாத எரும நாட்டுல இல்லியா? பெட்டியப் போடு."

போட்டாள். நல்ல பெண், சொன்னதைக் கேட்பாள். பதினொரு மாதத்தில் பன்னிரண்டு பேருக்கும் கை பழகிவிட்டது. அவரைப் பார்த்ததும் யோசிக்காமல் எழுதினார்கள்.

இதனால் யாருக்கும் ஆபத்து வராது என்பதை நான் விசாரித்து வைத்திருந்தேன். மனிதன் என்றால் வண்டி நிற்கும், அவராகப் போகும்வரை அசையாது. எருமை என்றாலும் நிற்கும். ஆனால் மூன்று முறை ஹாரன் அடிக்கும். நகராவிட்டால் ஒரு கை இடைவெளி விட்டு மெதுவாக முன்னேறி அதை ஓரங்கட்டும். அது தம்பி வைத்த விதி. சுரங்கத்துக்குப் போகும் பாதையில் எருமைகள் படுத்துக்கொண்டு லாரிகளை அரை நாள் நிறுத்திவிடும், சார். நீங்கள் வந்த வழியில் பார்த்திருப்பீர்கள்.

பிறகு அந்தப் பெரிய சோதனை ஓட்டம் வந்தது. அரியலூர் பக்கம் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம். ஆள் இல்லாமல் ஓடும் டிப்பர் லாரி. பார்க்க வந்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் புனேயிலிருந்து வந்த அம்மாதான் முடிவு சொல்ல வேண்டியவர். அவர் சரி என்றால் நிறுவனம் வளரும், இல்லையென்றால் மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தம்பி அதற்கு முன் இரண்டு நாள் சாப்பிடவே இல்லை.

பந்தலுக்குக் கீழே பெரிய திரை வைத்திருந்தார்கள். லாரி பார்ப்பதெல்லாம் அதில் தெரியும். பெயர்கள் தமிழில்தான் வரவேண்டும் என்று தம்பிக்கு எப்போதும் ஒரு பிடிவாதம்.

லாரி வந்தது. வழியில் ஒரு பாறையைப் பார்த்து 'பாறை' என்றது. கைதட்டினார்கள். இளையபெருமாள் வெள்ளைச் சட்டையில் பாதையின் நடுவில் போய் நின்றார். லாரி நின்றது. மறுபடியும் கைதட்டினார்கள். திரையில் அவரைச் சுற்றிப் பச்சைப் பெட்டி வந்தது. 'எருமை, 97%' என்று வந்தது.

அந்த அம்மா அந்தச் சொல் என்னவென்று கேட்டார். தம்பி தண்ணீர் குடித்தார். பிறகு, "பஃபலோ, மேடம்," என்றார்.

லாரி மூன்று முறை ஹாரன் அடித்தது. இளையபெருமாள் கையை ஆட்டினார். லாரி மெதுவாக நகர்ந்தது. அவர் பின்வாங்கினார். அது முன்னே வந்தது. அவர் இடது பக்கம் திரும்பி ஓடினார்.

"டேய், நானுடா! நிறுத்துங்கடா!" என்று கத்தினார். லைடாருக்குக் காது கிடையாது.

சுரங்கத்தின் ஓரப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் இடுப்பளவு நின்றது. வேறு வழியில்லாமல் அதில் இறங்கி நின்றார். அவர் தண்ணீரில் இறங்கியதும் திரையில் 97 என்பது 99 ஆனது. எருமை ஒதுங்கிவிட்டது என்று லாரி திருப்தியாகித் தன் வழியில் போனது.

நான்தான் துண்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். பாவமாக இருந்தது.

"யக்கா," என்றார், குளிரில் பல் தந்தியடிக்க. "அது என்னையவே பாத்துச்சுக்கா."

பந்தலில் அந்த அம்மா எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். இந்த நாட்டுச் சாலையில் எருமையை எப்படி நகர்த்துவது என்று தெரிந்த ஒரே சென்சார் இதுதான் என்றார். அதைக் காட்டுவதற்கு ஒரு மேலாளரே எருமையாக நடித்ததை வேறெங்கும் பார்த்ததில்லை என்றும், எவ்வளவு இயல்பான நடிப்பு என்றும் சொன்னார். இளையபெருமாள் ஈரச் சட்டையோடு ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு குனிந்து வணக்கம் சொன்னார்.

அன்று சாயங்காலம் தம்பி என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"யக்கா, நீங்க சொன்னா நான் நம்புவேன். லேபிள்ல எதாச்சும் தப்பு இருக்குமா? இருந்தா சரக்க நிறுத்திட்டு மொதல்லேர்ந்து பாத்துடுவோம்."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சார். அந்த நேரம் பார்த்து மறுநாள் பத்திரிகைக்குப் போகும் படத்தை யாரோ கொண்டுவந்து காட்டினார்கள். தண்ணீரில் நின்றபடி இளையபெருமாள் கும்பிடுகிறார். துண்டோடு நீளும் ஒரு கை இருந்தது. அந்தக் கை என்னுடையது. மணிக்கட்டு வரைதான் வந்திருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி," என்றேன்.

அதன்பின் எங்கள் வளர்ச்சி உங்களுக்குத் தெரியும். ஒன்றரை வருடத்தில் முந்நூறு பேர். அரியலூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய கூடம். துறைமுகம், கல்லூரி வளாகம், தொழிற்பூங்கா என்று ஆள் இல்லாத வண்டி ஓடுகிற இடமெல்லாம் எங்கள் சென்சார். இளையபெருமாள் ஜப்பான் போய் நடித்துக் காட்டிவிட்டு வந்தார்.

நல்ல வயிறும் அகட்டிய கையுமாக நடப்பவர் நாட்டில் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். கோவையில் ஒரு கல்லூரி முதல்வர் நீரூற்றுக்குள் ஓரங்கட்டப்பட்டார். சென்னையில் ஒரு நிதி அதிகாரி தாமரைக் குளத்தில் நாற்பது நிமிடம் நின்றார். உங்கள் கோப்பில் பதினொரு பேர் என்று இருக்கிறது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. சளி மட்டும்தான்.

இளையபெருமாள் ஒருவரை மட்டும்தானா என்று கேட்டீர்கள். இல்லை. இருநூற்றுப் பதினான்கு பேர். சோதனை வண்டி பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே தினமும் போய்வரும். எல்லோரும் படத்தில் விழுவார்கள். சில்லறை தராத கண்டக்டர் எருமை. என் நாத்தனார் ஆண்டாயி குப்பைத்தொட்டி. பந்தியில் எனக்கு அப்பளம் வைக்காமல் போன கொளஞ்சி வேகத்தடை. அவரைப் பார்த்தால் வண்டி வேகத்தைக் குறைத்துவிட்டு ஏறப் பார்க்கும். அது மட்டும் கொஞ்சம் அதிகம்தான். அந்தப் பெயரைப் போன வாரம் நானாகவே மாற்றிவிட்டேன். என் கணவர் சின்னதுரையை மரம் என்று குறித்திருக்கிறேன். அதில் தப்பு எதுவும் இல்லை, அவரைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

நீங்கள் 'வன்மத்தோடு செய்தார்' என்று எழுதுவது இங்கிருந்தே தெரிகிறது. அந்தச் சொல் பொருந்தாது, சார். எனக்கு யார்மேலும் வன்மம் கிடையாது. நடந்ததை அன்றன்றைக்கே எழுதி முடித்துவிட்டு மறந்துவிடுகிற ஆள் நான். விசாரணை முடியும்வரை வேலையைத் தொடரலாம் என்று சொன்னீர்கள், அதற்கு நன்றி. காலையில் நீங்கள் வாசலிலிருந்து நடந்து வந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இடது தோளைத் தூக்கி, வலது காலை வெளியே வீசி நடக்கிறீர்கள். தனியாகத் தெரியும் நடை. வண்டி படித்துக்கொள்ள நாற்பது பெட்டி போதும்.