நீலக் கேற்று மாமா

அக்கரைப்பற்று பஸ் சாய்ந்தமருதைத் தாண்டியதும், எனக்கு முன்னால் இருந்த தொப்பிக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் கேட்டார்.

"மச்சான், வீட்டு வாசல் கேற்றுக்கு என்ன நிறம் அடிச்சா அந்தப் பாட்டு நிக்கும்?"

நான் பேப்பரை மடித்துவிட்டேன். அவருடைய நகங்களில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"அக்கோடியன் பெட்டி வாசிக்கிறவன்ட பாட்டா?"

"ஓம். மாப்பிள்ளைய பொண்ணு வீட்டு ஆக்கள் நாமதானே போய்க் கேக்கிற? அவன் பெட்டியும் கையுமா தானா வந்து என்ட மகளைக் கேட்டான். கேற்றடியிலயே திருப்பி அனுப்பினன்."

"அதுக்குத்தான் பாட்டுக் கட்டினவனா?"

"'நீலக் கேற்று மாமா' எண்டு. கலியாண வீடுகள்ள படிச்சான், பொறுத்தன். இப்ப ரேடியோவிலயும் போகுது. நான் மாப்பிள்ள கேட்டுப் போற வீடெல்லாம், 'நீங்கதானா அந்த மாமா?' எண்டு சிரிக்கிறாங்க. அதுதான் முந்தநாள் பச்சை அடிச்சன்."

"தெரியும். நேற்று மருதமுனைக் கலியாணத்தில 'பச்சைக் கேற்று மாமா' எண்டுதான் படிச்சான். சனம் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிச்சு."

தொப்பிக்காரர் நிந்தவூர் வரை நகத்திலிருந்த பச்சையைச் சுரண்டிக்கொண்டே வந்தார்.

"கேற்றையே கழட்டிட்டா?"

நண்பர் முன்சீட்டுக் கம்பியில் விரலால் மெல்லத் தாளம் போட்டுப் பார்த்தார்.

"'கேற்றில்லா மாமா'வும் அந்த மெட்டுக்குச் சரியா வருது, மச்சான்."