இரண்டு பக்கமும் கல்

மனைவி: எங்க போனாலும் பத்தடி முன்னாலதான் நடக்கணுமா? மார்க்கெட்ல அப்படி, ஆஸ்பத்திரில அப்படி... ஆளே தெரியாத இந்த மூடுபனியிலயுமா? நில்லுங்க!

கணவர்: நின்னுட்டேன்மா. அதோ... கிடைச்சிருச்சு!

மனைவி: எது?

கணவர்: இல்ல... கல்லு. இடப்பக்கம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கு பாரு. இதைப் பிடிச்சுப் போனா நம்ம டென்ட்டு.

மனைவி: வலப்பக்கமும் அடுக்கியிருக்கே.

கணவர்: வலப்பக்கமுமா? அது எப்படி...

மனைவி: ஏன் முழிக்கிறீங்க?

கணவர்: ஒரு வரிசைதானே இருக்கணும்...

மனைவி: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

கணவர்: சும்மா... பொதுவாச் சொன்னேன். இது உச்சிப்பாறை. அலைச் சத்தம் கீழ கேக்குது. டென்ட்டு எந்தப் பக்கம்?

மனைவி: எனக்கென்னவோ இடப்பக்கம்னு தோணுது.

கணவர்: தோணுதா? நேத்து இந்தப் பக்கமே வரமாட்டேன்னு சொன்னவளாச்சே நீ!

மனைவி: மனசு சொல்லுது... போங்களேன்.

கணவர்: மனசை நம்பிக் கடலைத் தாண்ட முடியுமா? டென்ட்டுக்குப் போற மணல்திட்டுல தண்ணி ஏறிட்டா ராத்திரி முழுக்க இங்கதான். பின்னால கைக்குழந்தையோட ஒரு குடும்பம் வேற நம்மளை நம்பி வருது.

பின்னால் வந்தவர்: ஐயா! உங்க முதுகைப் பார்த்துத்தான் வர்றோம். குழந்தைக்குப் பாலும் தீர்ந்துபோச்சு. வழி தெரியும்தானே?

கணவர்: தெரியும் தம்பி... தெரியணும்.

மனைவி: ஒரு நண்டு, யாரோ முன்னால போறாங்கன்னு மணல்ல கால்தடத்தைத் தொடர்ந்து சுத்திக்கிட்டே இருந்துச்சாம். கடைசில பார்த்தா எல்லாம் அதோட காலு.

கணவர்: இப்ப எதுக்குக் கதை?

மனைவி: சும்மா. நீங்க முழிக்கிறதைப் பார்த்தேன், ஞாபகம் வந்துச்சு.

பின்னால் வந்தவர்: வலப்பக்கம் கல்லு நிறைய இருக்குங்க. அதுதான் பெரிய பாதையோ? நாங்க அப்படியே இறங்கிடறோம்...

கணவர்: தம்பி, நில்லுங்க! உங்ககிட்ட மறைச்சா பாவம். இங்க ஒரு வரிசை நான் அடுக்கினது.

மனைவி: என்னது!

கணவர்: நேத்து சாயங்காலம்... விறகு பொறுக்கப் போறேன்னு சொன்னேன்ல... டென்ட்டுக்கிட்ட மணல்திட்டைத் தாண்டினதுல இருந்து இதுவரைக்கும் அடுக்கிக்கிட்டே வந்தேன். இங்கதான் சிக்னல் கிடைச்சுது. நம்ம மருந்துக்கடைப் பையன்கிட்ட போன்ல ஒரே ஒரு வார்த்தை பேசினேன்.

மனைவி: ரெண்டு நாள் போனைத் தொடறதில்லைன்னு என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணீங்களே!

கணவர்: திட்டு, அப்புறம் திட்டு. எனக்கே தலை சுத்துது. நான் அடுக்கினது ஒரு வரிசைதான். அப்ப பனி இல்ல, இப்ப ரெண்டும் ஒரே மாதிரி தெரியுது. எது என்னோடதுன்னு தெரிஞ்சா டென்ட்டுக்குப் போயிடலாம். இன்னொண்ணை எந்தக் கிறுக்கன்...

மனைவி: கிறுக்கன்னு சொல்லாதீங்க.

கணவர்: பின்ன?

பின்னால் வந்தவர்: அம்மா, தண்ணி ஏறுற சத்தம் கேக்குது... எந்தப் பக்கம்?

மனைவி: இடப்பக்கம், தம்பி. குழந்தையை இவர்கிட்ட குடுங்க, முன்னாலயே நடக்கட்டும். வலப்பக்கம் முதல் அடுக்கைத் தள்ளிட்டு, ஓடி வந்து உங்களைப் பிடிச்சிடறேன். வேற யாரும் ஏமாறக்கூடாது... காலைல நீங்க தூங்கும்போது, உங்க கல்லைப் பிடிச்சே இங்க வந்தேங்க. எனக்கு இங்க சிக்னல் கிடைக்கல. என் தையல்கடைக்குப் பேசறதுக்காக வலப்பக்கத்துப் பாறை வரைக்கும் அடுக்கிக்கிட்டே போன கிறுக்கி நான்தான்.