முழு அளவில் ஒரு சுவர்

என் தங்கை என்னிடம் கடைசியாகக் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரு ஊக்கு. சட்டையில் பித்தான் ஒன்று அறுந்துவிட்டது, தைத்துக்கொண்டிருந்தால் வெயில் போய்விடும் என்றாள். நானே குத்திவிட்டேன். “பாத்துக்கா, நான் உன் மேசைப் பொம்மை இல்ல, குத்தினா வலிக்கும்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் மாடிப்படி ஏறினாள்.

நீங்கள் நிதானமாகக் கேட்பதால் நானும் நிதானமாகவே சொல்கிறேன்.

எனக்குத் தொழில் கட்டட மாடல் செய்வது. இனிமேல் கட்டப்போகும் வீடுகளையும் கடைகளையும் அட்டையிலும் தெர்மக்கோலிலும் மேசை அளவுக்குச் சுருக்கிச் செய்து கொடுப்பேன். பஞ்சைப் பச்சையில் நனைத்தால் மரம். துடைப்பக் குச்சியைச் சீவினால் விளக்குக் கம்பம். மனிதர்கள்தான் கடினம். எப்படிச் செய்தாலும் நட்டுவைத்த மாதிரி நிற்பார்கள்.

சின்னவள் செய்தது இதற்கு நேர்மாறான வேலை. உண்மையான தெருவை உயரத்தில் நின்று படம் எடுப்பாள். படத்தின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் மங்கலாக்கி, நடுவில் ஒரு பட்டையை மட்டும் துல்லியமாக விடுவாள். நிறத்தைக் கொஞ்சம் தூக்குவாள். அவ்வளவுதான். ஓடுகிற பேருந்து பொம்மைப் பேருந்தாகிவிடும். நடக்கிறவர்கள் ஒட்டிவைத்த பொம்மைகளாகிவிடுவார்கள். “சின்னச் சாமானைக் கிட்ட வச்சுப் பாத்தாத்தான்க்கா முன்னும் பின்னும் இப்படி மங்கும். கண்ணுக்கு அது பழகிப்போச்சு. அதனால நம்பிடுது” என்று எனக்கு விளக்கினாள். எனக்குப் போய் விளக்கினாள்.

நான் மாதக்கணக்கில் கழுத்து ஒடியச் செய்வதை அவள் ஒரு மத்தியானத்தில் செய்து முடித்தாள். அவள் படங்களைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். என் மாடல்களை, வீடுகள் விற்றுத் தீர்ந்ததும், குப்பை வண்டியில் ஏற்றினார்கள். இதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அவளை வளர்த்தவளே நான்தான். தாயும் தகப்பனும் போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், காய்ச்சலில் கண்விழித்ததும் நான். முதல் கேமராவை வாங்கிக் கொடுத்ததும் நான்.

அவளுடைய கண்காட்சிக்கு என் முதலாளி வந்திருந்தார். முதலாளி என்றால், எனக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் கட்டடக்காரர். எங்கள் தெரு முனையைச் சின்னவள் எடுத்திருந்த பெரிய படத்தின் முன்னால் அசையாமல் நின்றார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

“என்னம்மா இது? இத்தனை வருசத்துல எனக்கு இப்படி ஒண்ணாவது செஞ்சு குடுத்திருக்கீங்களா? நல்ல சரக்கையெல்லாம் வீட்டுலயே பதுக்கிட்டீங்களே.”

அது மாடல் இல்லை, தெருதான் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் விரல் படத்தின் நடுவுக்குப் போய்விட்டது.

“ஒரே ஒரு குறை. இந்தப் பொம்மை. தோள் ஒரு பக்கமா சரிஞ்சு, குண்டா, அளவே சரியில்ல. இதை மட்டும் பிச்சு எடுத்துடுங்க. கண்ணை உறுத்துது.”

அந்தப் பொம்மை நான். பசை டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தேன்.

“ஐயோ சார், அது எங்கக்கா சார்” என்று சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவரும் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் என் கையைக் கோத்துக்கொண்டு, “கோவமாக்கா? அந்தப் படத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது நீதான்” என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில், தண்ணீர்த் தொட்டியை மேலே ஏற்றியபோது உடைந்த இடம் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் கட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தோம். தெருமுனை முழுதாகத் தெரிவது அந்த இடத்திலிருந்து மட்டும்தான். அவளோ சுவரில் நெஞ்சைச் சாய்த்து, முழங்கைகளை ஊன்றி, மூச்சை அடக்கித்தான் எடுப்பாள். “அங்க மட்டும் ஒரு சுவர் இருந்தா, இந்த ஊரையே டப்பாக்குள்ள போட்டுக் குடுத்துடுவேன்க்கா” என்று புலம்பாத வாரமில்லை.

அவள் வெளியூர் போயிருந்தபோது அந்தச் சுவரைச் செய்தேன். தெர்மக்கோல் பாளங்களை அடுக்கி ஒட்டி, மணல் கலந்த பூச்சு கொடுத்து, அதன்மேல் சிமெண்ட் சாந்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன். பழைய சுவர் மாதிரி செய்வது எளிது. புதுச்சுவர் மாதிரி செய்வதில்தான் வேலை இருக்கிறது. நேற்றுப் பூசிய சிமெண்ட் ஓரங்களில் வெளுத்து, நடுவில் ஈரக் கருமையோடு இருக்கும். கரண்டி திரும்பிய இடத்தில் ஒரு வளைவு விழும். பழையதும் புதியதும் சேரும் இடத்தில் மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு ஓடும். எல்லாம் வைத்தேன். கயிற்றை அவிழ்த்துவிட்டு, இரண்டு பக்கமும் பசையால் ஒரு பொட்டு வைத்து நிறுத்தினேன். நான் முழு அளவில் செய்த ஒரே பொருள் அது.

ஒரே ஒரு தடவை அவள் என் வேலையைப் பார்த்து ஏமாற வேண்டும் என்றுதான் நினைத்தேன். விரலால் தட்டிப் பார்த்து, “அடிப்பாவி அக்கா” என்று சொல்லிவிட்டால் எனக்குப் போதும். அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் தட்டிப் பார்க்கவில்லை. ஊருக்கே கண்கட்டு காட்டியவள், சுவரை நின்று பார்த்து, தடவிக்கூடப் பார்க்காமல் நம்பிவிட்டாள். ஊக்கு கேட்கக் கீழே வந்தபோதுதான் கேட்டாள்.

“கொத்தனார் ஒருவழியா வந்துட்டாரா?”

“வந்துட்டாரு.”

“காஞ்சிருக்குமாக்கா?”

“நல்லாக் காஞ்சிருச்சு. சாஞ்சே நின்னு எடு.”

இதைத்தான் நீங்கள் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லை. இடைவெளி பழையது என்று வீட்டுக்காரரே சொன்னார், கேமராவில் கண்ணை வைத்தபடி கால் தவறியிருப்பாள் என்று நீங்கள் முடித்துக்கொண்டீர்கள். எடையில்லாத என் சுவர் காற்றில் ஒதுங்கி, பக்கத்துக் கட்டடத்தின் தாழ்ந்த கூரையில் போய் விழுந்திருந்தது. எல்லோரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, கயிற்றைத் திரும்பக் கட்டினேன். ஒரு மூலை நசுங்கியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு அதைச் சரிசெய்துவிட்டேன்.

அழவில்லையா என்கிறீர்கள். தினமும் அழுகிறேன். சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். அவள் இல்லாத வீடு எனக்குப் பெரிதாக இருக்கிறது. அதனால் பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். பொறாமைக்காரி தானாக இங்கே வந்து உட்காருவாளா? நான் வந்ததற்குக் காரணம் வேறு. என் வேலைகளிலேயே சிறந்ததை ஒருத்திதான் பார்த்தாள். அவளும் அது என் வேலை என்று தெரியாமலே போய்விட்டாள். இது நியாயமில்லை.

அதனால்தான் அதைப் போர்வையில் சுற்றி எடுத்துவந்தேன். நான் பேசத் தொடங்குமுன், அதைப் பிரித்ததும் நீங்கள், “அந்தச் சிமெண்ட் கட்டையை ஓரமா வைப்பா, கனமா இருக்கும், பாத்து” என்று உங்கள் காவலரிடம் சொன்னீர்கள். அவர் காலை அகட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கினார். அது பஞ்சு மாதிரி எழும்பியதும் பின்னால் தடுமாறிச் சுவரில் மோதி நின்றார். அவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது அவர் வெளியே நிற்கிறார். யாரோ என்னைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர் சொல்லும் பதில் இங்கே கேட்கிறது.

“இவங்களா? அதாம்ப்பா, நம்ம போட்டோக்காரம்மா இருந்தாங்கல்ல. அவங்களோட அக்கா.”