மதகு மூடியிருந்த மழை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளத் தோதாக மெதுவாகவே சொல்கிறேன்.

ஏரியின் நீர்க் கணக்கைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. மழையாக வருவது எவ்வளவு, ஆவியாகிப் போவது எவ்வளவு, மண் குடிப்பது எவ்வளவு, மிச்சம் ஏரிக்கு வந்து சேர்வது எவ்வளவு. இதைத்தான் மாடல் என்போம். ஏரி எவ்வளவு உயரும் என்று அது முன்கூட்டியே சொல்லும். அதைப் பார்த்து, மதகைத் திறப்பதா வேண்டாமா என்று மதகுக்காரருக்கு நான் சொல்வேன்.

சின்ன மழைகளில் என் மாடல் அச்சுப் பிசகாமல் வரும். பெரிய மழையில்தான் சிக்கல். வயிறு நிரம்பிய மண் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஊகமாகத்தான் எழுதியிருந்தேன். சரிபார்க்க வழியில்லை. பெரிய மழை என்றாலே மதகைத் திறந்துவிடுவோம். மதகு வழியே போகும் நீரை அளக்க எங்களிடம் கருவி கிடையாது. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் கணக்கே குழம்பிவிடும்.

"பெரிய மழையப் பாக்காத மாடல வச்சுக்கிட்டு பேசுறியே, கல்யாணம் ஆகாதவன் குடும்பம் நடத்த யோசனை சொல்ற மாதிரி இருக்கு" என்றார் தலைமைப் பொறியாளர், எல்லோரும் இருந்த கூட்டத்தில். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் சொன்னது நியாயம். மதகு மூடியிருக்கும்போது ஒரே ஒரு பெரிய மழை. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

போன மாதம் அது வந்தது. திறக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் தண்ணீர் கரையைத் தாண்டும் என்று மாடல் காலையிலேயே காட்டிவிட்டது. மதகுக்காரர் போன் செய்தார்.

"சார், மழை வலுக்குது. தொறந்துடவா?"

"வேண்டாம். மாடல்ல அப்படி ஒண்ணும் காட்டல. நான் சொல்றப்ப தொறங்க."

பொய்தான். ஆனால் தண்ணீர் கரையின் விளிம்பைத் தொடுவதற்கு முன் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மதியம் அக்கா கூப்பிட்டாள். அவள் வீடு கரைக்குக் கீழே இருக்கும் தெருவில். தம்பி நீர்த்துறையில் இருப்பதால், அவள் மூட்டை கட்டினால் தெருவே மூட்டை கட்டும்.

"என்னடா, உன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது? புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு கெளம்பவா?"

தெரு கிளம்பினால் மதகுக்காரர் என்னைக் கேட்காமலே திறந்துவிடுவார்.

"ஏன்க்கா பதட்டப்படுற? மழைக்குப் பயப்படுற வயசா உனக்கு? சாப்பிட்டுப் படு" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டாள்.

திரையில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று மாடல் சொன்ன மட்டம், இன்னொன்று ஏரியில் நட்ட கருவி அனுப்பும் மட்டம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. திறக்கச் சொல்லவேண்டிய நேரம் வந்தது. போன் கையில்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று மேஜைமேல் வைத்தேன். மதகுக்காரர் திரும்பத் திரும்ப அழைத்தார், நான் எடுக்கவில்லை. கடைசியில் அவராகவே திறக்க ஓடியிருக்கிறார். அதற்குள் கரை உடைந்துவிட்டது. அவரை விட்டுவிடுங்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது.

அக்காவையும் பிள்ளைகளையும் அடையாளம் காட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். காட்டினேன். அழுகை வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

வெளியூரில் வேலையாக இருந்த அத்தான் மறுநாள் வந்து சேர்ந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ என்ன பண்ணுவ மச்சான், கம்ப்யூட்டருக்கே தெரியலையே" என்றார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் நானாகவே இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். தெருவில், செய்தியில், எங்கள் அலுவலகத்தில்கூட அதையேதான் சொல்கிறார்கள். நீங்களாவது சரியாக எழுதிக்கொள்ளுங்கள். மாடலுக்குத் தெரியும். பொய் சொன்னது நான். அது சொன்ன உயரத்துக்கும் தண்ணீர் வந்த உயரத்துக்கும் ஒரு விரற்கடைதான் வித்தியாசம்.

அக்கா இருந்திருந்தால் அவள்தான் முதலில் சந்தோஷப்பட்டிருப்பாள்.