கண்ணீருக்குக் கைதட்டினோம்

ஆரவாரத்தையெல்லாம் ஒரு புன்னகையால் அடக்கி, அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஆலை மேலாளர் அவர்களே! அனுபவத்தில் மூத்த பெரியோர்களே! வேலைக்கு வரும்போதே வீட்டையும் மனத்தில் சுமந்து வரும் தாய்மார்களே! ஊசியோடும் நூலோடும் உறவாடும் உடன்பிறப்புகளே! அம்மா மடியில் அமர்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் குட்டித் தலைவர்களே! உங்கள் அனைவருக்கும் தையல் பிரிவு மூன்றாம் வரிசை மேற்பார்வையாளரின் வணக்கம்.

தண்ணீரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என்ன பேச? நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ஆனால் அது இல்லையென்றால் நாமே இல்லை! குருதியாய் ஓடுவது எது? வியர்வையாய் வழிந்து உடலைக் குளிர்விப்பது எது? நினைக்க நினைக்க எனக்கு மெய் சிலிர்க்கிறது. இந்த வியப்பு எனக்கு வந்த நாளைத்தான் சொல்லப் போகிறேன்.

என் அப்பா முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். இதோ, முன்வரிசையில் இருக்கிறார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நிக்காத வண்டி’. வழியில் ஒதுங்குவதற்காக வண்டியை நிறுத்தக் கூடாது என்று, வண்டி எடுக்கும் நாளில் தண்ணீரையே தொடமாட்டார். வேலை அவரை விட்டது. பழக்கம் அவரை விடவில்லை.

அவர் பெற்ற மகள் சும்மா இருப்பேனா? எங்கள் வரிசையில் நாற்பது பேர். கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு மரக்கட்டை. எடுத்தவர் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவர் போகலாம். அந்தத் திட்டத்தைத் தீட்டிய திருமகள் யார்? நான்தான்! (யாரம்மா அங்கே கைதட்டுவது? திட்ட முடியாமல் தட்டுகிறீர்கள், புரிகிறது.) கட்டைக்குக் காத்திருக்க முடியாமல் நாற்பது பேரும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். நானோ, வேலை தடையில்லாமல் நடக்கிறதென்று உச்சி குளிர்ந்தேன்.

அந்த நாற்பதில் ஒருத்தி என் தங்கை. ஏழு மாதக் குழந்தைக்குத் தாய். சென்ற கோடையில் ஒரு நண்பகல், தையலை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

“அக்கா, தலை விண்ணு விண்ணுனு வலிக்குது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. காலையில ஒரு தடவை போனதோட சரி, அதுவும் கடும் மஞ்சளா இருந்துச்சு.”

“கட்டை வந்ததும் போயிட்டு வா” என்றேன். அக்காவா பேசினாள்? இல்லை, மேற்பார்வையாளர் பேசினார்!

அப்போது வீட்டிலிருந்து அப்பாவின் தொலைபேசி. குழந்தையை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, வண்டி எத்தனை மணிக்கு எடுக்கணும்?”

“எந்த வண்டிப்பா? குழந்தை எங்க?”

“அழுதுக்கிட்டே இருந்துச்சு. இப்ப சத்தத்தையே காணோம்.”

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, ஆடியது ஐயா! தங்கையை இழுத்துக்கொண்டு ஓடினேன். குழந்தைக்குக் காலையிலிருந்து ஆறு முறை வயிற்றோட்டம். பிழிந்து வைத்த தாய்ப்பாலும் தொடாமல் அப்படியே இருந்தது.

“ஏன்ப்பா ஒண்ணும் குடுக்கல?” என்றாள் தங்கை.

“டேங்க் ஒழுகுறப்ப யாராவது நிரப்புவாங்களா? ஊத்துறத நிறுத்தினா போறது நின்னுடும்ல?”

முப்பது ஆண்டு ஓட்டுநரின் கணக்கு அது. குழந்தையின் கண்கள் உள்வாங்கியிருந்தன. உச்சிக்குழி பள்ளமாகியிருந்தது. உதடு உலர்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் மெல்லிய குரலில் அழுதான். ஆனால் கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை! அவனைத் தூக்கிய தங்கை நிற்க முடியாமல் வாசற்படியிலேயே சரிந்தாள். அப்பாவும் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் தொட்டிருக்கவில்லை. பிள்ளை, தாய், தாத்தா. மூன்று பருவம், ஒரே வறட்சி.

ஆட்டோ பிடித்துச் சுகாதார நிலையத்துக்குப் போனோம். செவிலியர் குழந்தையின் வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டார். அது உடனே விரியாமல் மெதுவாகத்தான் இறங்கியது.

“மூணு பேருக்கும் உடம்புல தண்ணி வத்திப்போச்சு. பெரியவருக்கு நினைவே தடுமாறுது, அவருக்கு உடனே டாக்டர் டிரிப் போடுவார். குழந்தை இன்னும் விழுங்குறான், அது நல்ல காலம்.”

ஒரு பொட்டலம் உப்புச் சர்க்கரைப் பொடியை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தார்.

“மடக்குனு ஊத்தாதீங்க. நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி குடுங்க. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.”

“ஒழுகுதே சிஸ்டர்...” என்றார் படுத்திருந்த அப்பா.

“ஒழுகுறதாலதான் ஐயா ஊத்தணும்!”

ஒரு ஸ்பூன். இன்னொரு ஸ்பூன். தங்கையும் குடித்தாள். நேரம் நகரவில்லை. என் கட்டை, என் தங்கையின் மயக்கம். தன் வினை தன்னைச் சுடும் என்பது எனக்கு அங்கேதான் சுட்டது. மூன்று மணி நேரம் கழித்துக் குழந்தை வீறிட்டான். அவன் கடைக்கண்ணில் ஒரு துளி! நாங்கள் கைதட்டினோம் தோழர்களே! ஒரு பிள்ளை கண்ணீர் விட, பெற்றவளும் மற்றவர்களும் கைதட்டிச் சிரித்த அதிசயத்தை எங்கேனும் கண்டதுண்டா? வெறும் தண்ணீர்! கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை! அது ஓர் உயிரை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் கையில் தந்தது.

பிள்ளைக்குத் தாகம் இருக்கும், சொல்ல வாய் இராது. முதியவருக்கு வாய் இருக்கும், தாகமே தெரியாது. வேலை செய்யும் நமக்கோ தாகமும் உண்டு, வாயும் உண்டு, கேட்கத்தான் பயம். ஆகவே கேட்பதற்கு முன்பே கொடுங்கள், தாகம் எடுப்பதற்கு முன்பே குடியுங்கள். (என்ன ஐயா? இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவரா? அளவை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.)

மறுநாளே அந்தக் கட்டையைக் கழற்றினேன். தங்கையிடம் மன்னிப்பும் கேட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“நான் உன் கூடப் பிறந்தவ, ஓடி வந்தே. மத்த முப்பத்தொன்பது பேர்கிட்ட கேட்டியா?”

இன்று கேட்கிறேன். மூன்றாம் வரிசையின் தாய்மார்களே, தங்கைகளே, உங்கள் தாகத்துக்கு ஆணியடித்தவள் நான். என்னை மன்னியுங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. எல்லோரும் எழுந்து போய், யாரிடமும் கேட்காமல், ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வணக்கம்.