சகலையின் மூக்கு

நீங்கள் கொடுத்த இந்தத் தேநீரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, ஐயா. கொடுத்த மனசு பெரிது. தூளைத் தண்ணீரோடு சேர்த்து அடுப்பில் ஏற்றிவிட்டு மறந்துபோயிருக்கிறார்கள், அவ்வளவுதான். என் மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் முழங்கையால் ஒரு இடி இடித்திருப்பாள். யார் வீட்டுக்குப் போனாலும் கோப்பை கைக்கு வந்ததும் நான் அதில் மூக்கை விடுவேன், அவள் இடிப்பாள். எங்கள் இல்லறம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

எனக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடையில். பின்னறையில் உட்கார்ந்து, சட்டத்தின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்துப் பொருத்திக் கொடுப்பேன். ஊரார் மூக்கில் மாட்டிச் சம்பாதித்ததை எல்லாம் என் மூக்குக்கே செலவழித்தவன் நான். இலைத் தேயிலைதான் என் பைத்தியம். புதுப் பறிப்பு வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். இருப்பதைக் குடித்து முடிக்காமல் அடுத்தது வாங்குவதில்லை என்று சத்தியம் செய்வேன். சத்தியம் செய்த கையோடு கடைக்குப் போன் செய்வேன். துணி அலமாரியில் டின், கட்டிலுக்கு அடியில் டின், என் மனைவியின் தையல் மெஷினுக்குப் பின்னால் டின். அவள் ஒருநாள் நிதானமாகக் கேட்டாள். “இந்த வீட்ல நாம ரெண்டு பேருதான். இவங்கல்லாம் எப்ப கிளம்புவாங்க?”

வீடு வாங்கியபோதுகூட நான் அரை நாளில் முடிவெடுத்துவிட்டேன். அடுத்து எந்தத் தேயிலை வாங்குவது என்பதற்கு மட்டும் வாரக்கணக்கில் யோசிப்பேன். கறுப்பா, பச்சையா, புகையூட்டியதா, பல வருஷம் கட்டியாக அழுத்தி வைத்ததா என்று பேருந்தில் போகும்போதும் லென்ஸ் தேய்க்கும்போதும் யோசிப்பேன். ஒருமுறை அந்த யோசனையில் ஒருவருடைய வலது லென்ஸை இடதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். மனுஷன் படியில் தடுக்கி விழுந்தார். அடி ஒன்றும் பலமில்லை.

இந்தப் பைத்தியத்தில் எனக்குத் துணை என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். அவருக்கு இந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தவனே நான்தான். அதுவரை கொதிக்கக் கொதிக்க எதைக் கொடுத்தாலும் மடமடவென்று குடிக்கிற ஆள். நான் கற்றுக்கொடுத்து ஒரு வருஷம் ஆகவில்லை, என்னைத் தாண்டிவிட்டார். தேயிலைக்கடை அம்மா எங்கள் முன்னால் மாதிரிப் பொட்டலங்களைப் பிரித்து வைப்பார்கள். நான் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, ஏதோ பழவாசனை என்பேன். சகலை சும்மா ஒருதரம் முகர்ந்துவிட்டு, “ஈரத்துல பறிச்சு அவசரமா காய வெச்சிருக்காங்க” என்று சாதாரணமாகச் சொல்வார். கடையம்மா அவரைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படி ஆட்டியதில்லை. சின்ன விஷயம்தான். எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லிவைக்கிறேன்.

மேல்மலைத் தோட்டத்துத் தேயிலை ஒன்று உண்டு. பருவத்துக்கு ஒரு டின்தான் கடையம்மா கைக்கு வரும். அதற்காக நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளக் கூடாது என்று ஒரு பருவம் எனக்கு, ஒரு பருவம் அவருக்கு என்று அவர்களே முறை வைத்திருந்தார்கள். என் முறை வந்தபோது சகலைக்கு ஒரு கோப்பைகூடக் கொடுக்காமல் நானே குடித்து முடித்தேன். அவர் முறை வந்தபோது முதல் கோப்பையை எனக்குத்தான் ஊற்றினார். ருசி தொண்டையில் இறங்குவதற்கு முன் எரிச்சல் இறங்கியது.

போன குளிர்காலத்தில் சகலைக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. மச்சினி அப்போது மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தாள். நான் பார்க்கப் போனால், அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து வீடே நாறுகிறது. சகலை இரண்டடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தாளை மடித்தார். காய்ச்சலுக்குப் பிறகு வாசனை என்பதே இல்லை என்றார். டாக்டர், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார்.

“அவகிட்ட சொல்லிடாதீங்க சகலை. பேரப்பிள்ளைய விட்டுட்டு ஓடி வந்துடுவா. இனிமே நீங்கதான் என் மூக்கு.”

நான் கண்கலங்கிவிட்டேன். அது நடிப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒழுங்காகத்தான் இருந்தேன். பால் கெட்டுவிட்டதா, சட்டையில் வியர்வை நாறுகிறதா என்று அவர் கேட்பார், நான் முகர்ந்து சொல்வேன். தேயிலை வாங்கும்போதும் என் மூக்கைத்தான் நம்பினார். கடையம்மாவுக்கு முன்னால் பொட்டலத்தை முகர்வதுபோல முகர்ந்துவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார். நான் லேசாகத் தலையசைத்தால் வாங்குவார். ஒருநாள் மிக அருமையான ஒரு வெள்ளைத் தேயிலைக்கு நான் உதட்டைப் பிதுக்கிவிட்டேன். அவர் வேண்டாம் என்றார். நான் வாங்கிக்கொண்டேன். நல்ல தேயிலை வீணாகப் போகக் கூடாது பாருங்கள்.

பிறகு டின்களை அடுக்கித் தருகிறேன் என்று வாராவாரம் போனேன். அவர் டின்னில் இருந்த நல்ல இலையை என் பைக்கும், என் வீட்டில் கட்டிலுக்கடியில் கிடந்த பழைய இலையை அவர் டின்னுக்கும் மாற்றினேன். இதைத் திருட்டு என்று நான் நினைக்கவில்லை. இடமாற்றம் என்றுதான் நினைத்தேன். என் வீட்டில் இடம் இல்லை, அவர் வீட்டில் மூக்கு இல்லை. பார்வையே இல்லாதவருக்கு உயர்ந்த ரக லென்ஸ் மாட்டச் சொன்னால் நான் வேண்டாமென்றுதானே சொல்வேன்? அதே தொழில் தர்மம்தான். வைக்கோல் மாதிரி இருந்த அந்த இலையைப் போட்டு எனக்கும் ஒரு கோப்பை நீட்டுவார். நான் குடித்து, ஆகா என்பேன். அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை என்று அப்போதெல்லாம் எண்ணிக்கொள்வேன்.

எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான். மூக்கு போன பிறகும் அவர் சந்தோஷமாகக் குடித்தார். வாசனை வராவிட்டாலும் கோப்பையைக் கையில் பிடித்தால் பழசெல்லாம் ஞாபகம் வருகிறது என்பார். எனக்கு எல்லாம் இருந்தும் அடுத்த டின்னின் கவலையில் கையில் இருக்கிற கோப்பை ஆறிப்போகும்.

இந்தப் பருவம் மேல்மலை டின் சகலையின் முறை. விட்டுக்கொடுப்பார் என்று நம்பியிருந்தேன். கடையம்மா டின் வந்துவிட்டது என்று மாதிரிப் பொட்டலம் ஒன்றை அவருக்கு அனுப்பியிருந்தார்கள். நான் ஜாடைமாடையாகக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“எனக்கு எதுக்கு சகலை? அவ ஊர்லேர்ந்து வர்றா. வந்ததும் இத போட்டுக் குடுக்கணும். பொண்ணு வீட்ல நல்ல டீயே இல்லன்னு புலம்புறா.”

மச்சினி மறுநாள் வருகிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவளுக்குக் கூர்மையான மூக்கு. அலமாரியைத் திறந்து முதல் டின்னை முகர்ந்தாலே என் இடமாற்றம் அத்தனையும் வெளியே வந்துவிடும். வீட்டுக்கு வந்து, நல்ல இலைகளைத் திருப்பி வைத்துவிடலாம் என்று கட்டிலுக்கடியில் தேடினேன். பாதிக்கு மேல் குடித்திருந்தேன். மறுநாள் காலையில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனேன்.

அவர் கதவைத் திறந்து வாங்க என்றார். சமையலறைப் பக்கமிருந்து ஏதோ வாசனை வந்தது. மச்சினி சாயங்காலம் வந்துவிடுவாள் என்று வீட்டைத் துடைத்து வைத்திருந்தார், புதுச்சட்டை போட்டிருந்தார். மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தார். நான் அதில் மூக்கை வைத்த நேரத்தில், ஏதாவது வாசனை வருகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். என் மூக்கு பொட்டலத்துக்குள் இருந்தது, ஐயா. தேயிலையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு ஜன்னல்களைச் சாத்தினேன். தேயிலைக்கு வெளிக்காற்று ஆகாது. தெருப்புகையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். தேயிலை தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். சமையலறை மட்டும்தான் எரிந்தது. சகலை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன், மச்சினிக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன், ரத்தத்துக்கு அலைந்தேன். உங்கள் கான்ஸ்டபிள் வந்து கேட்டபோது சகலை கட்டுக்குள்ளிருந்து பேசினார். “இவரு வந்து பாத்துட்டுத்தான் போனாரு. வாசனை இல்லன்னாரு. இவரு மூக்கு தப்பாது. அதுக்கப்புறந்தான் கசிஞ்சிருக்கும்.” அதோடு என்னைப் பார்த்து, “நல்லவேளை, நீங்க கிளம்பிட்டீங்க” என்றார்.

சிலிண்டர் மாட்டியவரைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். நல்ல மனிதர், பாவம். அவருக்காக நான் மிகவும் வருத்தப்பட்டேன். நாளைக்கு வந்து சொல்லலாம், நாளைக்கு வந்து சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் மச்சினி ஒருநாள் படுக்கையறை அலமாரியைத் திறந்துவிட்டாள். அங்கே தீ போகவில்லை. ஒவ்வொரு டின்னாக முகர்ந்திருக்கிறாள். என் மனைவியும் நானும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு டின்னை மூடியோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“இது அவரு வாங்கினது இல்ல மாமா. உங்க வீட்டு கட்டிலடி வாசம் அடிக்குது.”

சத்தம் போடவில்லை. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று அவள் முழங்கையால் இடிக்கவில்லை. எழுந்து தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆக, டின் விஷயம் மச்சினி வந்து சொல்லி உங்களுக்கு அப்படித் தெரிந்தது. மீதியை நீங்கள் ஊகித்துத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் முகமே சொல்கிறது. நான் சொன்னதில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது. சகலை வாசனை வருதா என்று மட்டும் கேட்கவில்லை. அவர் கேட்டது இது. “காலைல சிலிண்டர் மாத்தினாங்க சகலை. எனக்குத்தான் தெரியாதே. ஏதாவது வாசனை வருதா, பாத்துச் சொல்லுங்க.” கேட்டுவிட்டு, குழந்தை மாதிரி என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு கனமான வாசனை. பொட்டலத்தை முகர்ந்தேன் என்றேனே, மேல்மலைத் தேயிலை அன்று எனக்குத் துளிகூடப் பிடிபடவில்லை. வாசனையைக் கெடுத்துவிட்டதே என்று எரிச்சல் வந்தது. உண்மையில் முதலில் வந்தது அந்த எரிச்சல்தான். அதற்குப் பிறகுதான் யோசனை வந்தது. லென்ஸ் ரகம் பார்ப்பதுபோல நிதானமான யோசனை. சாயங்காலம் மச்சினி வருவாள், டின்களை முகர்வாள், சகலைக்குத் தெரியும், கடையம்மாவுக்குத் தெரியும். ஊரிலேயே ஒரு கடை. அங்கே நான் இனி எந்த முகத்தோடு போய்ப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்வது?

ஒண்ணும் வரல என்றேன். ஜன்னலைச் சாத்தினேன். சமையலறை ஜன்னலையும்தான், அங்கே தேயிலை எதுவும் இல்லை. நான் கிளம்பியதும் அந்த மாதிரியைப் போட்டுக் குடித்துப் பாருங்கள், தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும் என்று சொன்னேன். மேல்மலைத் தேயிலைக்குக் கொதிக்கிற தண்ணீர் ஆகாது, இலை கருகிவிடும். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் என்னிடம் மறுத்துப் பேசவில்லை. சரி சகலை என்றார்.

கொல்லும் எண்ணம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். நான் ஒரு ஈயைக்கூட அடிக்காதவன். எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். என்ன ஆகும் என்று நான் திட்டமாக நினைக்கவே இல்லை. அப்படித்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன், நம்பவும் நம்பினேன்.

என் போனை வாங்கி வைத்திருக்கிறீர்கள். அதில் எப்படியும் தெரிந்துவிடும், நானே சொல்லிவிடுகிறேன். படி இறங்கும்போதே கடையம்மாவுக்குப் போன் செய்தேன். அந்த மேல்மலை டின்னை எனக்குக் கட்டி வையுங்கள் என்றேன். இந்தத் தடவை உங்கள் சகலை முறையாச்சே, அவர் கேட்டாரே என்றார்கள்.

“அவருக்கு இனிமே வேண்டியிருக்காதும்மா” என்றேன். அப்போது நான் இரண்டாம் மாடியைத்தான் தாண்டியிருந்தேன். மேலே அவர் பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.