கைப்பிடி கழன்ற கதவு

— மாமா, வெளியில என்ன சத்தம்?

— ஒண்ணுமில்ல தாயே. கைப்பிடி கையோட வந்துடுச்சு.

— கழண்டுடுச்சா?

— மெதுவாத்தான் இழுத்தேன். உன் பக்கம் ஒண்ணு இருக்குமே, அதைத் திருகு.

— அது கீழ விழுந்து உருண்டு கட்டிலுக்கு அடியில போயிடுச்சு.

— ரைட்டு. ரெண்டு பக்கமும் பாரபட்சம் இல்லாம நடந்திருக்கு.

— விளையாடாதீங்க மாமா. "புதுப் பூட்டு மாட்டிட்டேன், உள்ள போய்ச் சாத்திப் பாரு"ன்னு சொன்னீங்க. நம்பிச் சாத்தினேன்.

— முப்பத்திரண்டு வருஷம் பஸ்ல டிக்கெட் கிழிச்சவன் பூட்டு மாட்டினான்னு நம்பினியே, அது யார் தப்பு?

— உங்களை யார் மாட்டச் சொன்னா? அது எங்க பீரோவுல, துணிக்கு அடியில இருந்துச்சு.

— பிளேடு தேடினேன், பூட்டு கிடைச்சுது. படுக்கையறைக்குப் புதுப் பூட்டு. வீட்டுல இருக்கறது மூணு பேர். நீங்க ரெண்டு பேரும் உள்ள. வெளியில நிக்கப் போறவன் யாருன்னு எனக்குத் தெரியாதா? சரி, நமக்காக வாங்கினதை நம்ம கையாலயே மாட்டிக் கொடுத்துட்டுக் கிளம்பலாம்னு...

— கிளம்பறீங்களா? எங்க?

— பழைய வீட்டுக்குத்தான். பெட்டி கட்டியாச்சு. சொல்லாமப் போகக் கூடாதேன்னு கதவு முன்னால நிக்கறேன்.

— அத்தை தவறிப் போய் நாலு மாசம்கூட ஆகல. அங்க தனியா என்ன பண்ணுவீங்க?

— எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.

— முந்தாநாள் சட்டைப் பித்தானை ஏறுமாறாப் போட்டுக்கிட்டுத் தெரு முழுக்க நடந்துட்டு வந்தீங்க.

— அது புது ஸ்டைல்.

— மாமா, அவருக்குப் போன் பண்ணிட்டேன். பூட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வர்றார். அதுவரைக்கும் நகரக் கூடாது நீங்க.

— உன்னை உள்ள அடைச்சுட்டு ஓடுற அளவுக்கு நான் மோசம் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. நேத்து நீ கம்ப்யூட்டர் முன்னால ஆபீஸ் மீட்டிங்ல இருந்தப்ப, இடுப்புல துண்டோட உள்ள வந்து உன் மேனேஜருக்கு வணக்கம் போட்டேனே, அதுக்குத்தானே?

— இல்ல. பூட்டு போன மாசமே வாங்கினது. பாவம், மேனேஜரும் எழுந்து நின்னு வணக்கம் சொன்னார்.

— அப்ப உன் துணியெல்லாம் எடுத்து மடிச்சு வெச்சதுக்கா?

— அது கூச்சமாத்தான் இருந்துச்சு. இனிமே அதைத் தொடாதீங்க. ஆனா அதுக்கும் இல்ல.

— எங்க வீடு ஒத்தை அறைம்மா. ஏழு பேர். கதவைச் சாத்தினா யாரோ கோவிச்சுக்கிட்டாங்கன்னு அர்த்தம். ரெண்டு பேர் உடனே உள்ள போய்ச் சமாதானம் பண்ணணும். அதான் நீ சாத்தும்போதெல்லாம் வந்து நிக்கறேன். உங்க வீட்டுல தட்டிட்டுத்தான் வருவாங்களாமே?

— தட்டுவாங்க. பத்து வயசுல எனக்கு நல்ல ஜுரம். அப்பா தட்டினார். பதில் சொல்லத் தெம்பு இல்ல. தூங்கறேன்னு நெனச்சுத் திரும்பிப் போயிட்டார். சாயங்காலம் வரைக்கும் யாரும் வரல.

— அட ராமா! கதவை உடைக்க வேணாமா மனுஷன்?

— போன வாரம் தலைவலின்னு படுத்திருந்தேனே, நீங்க பாட்டுக்கு உள்ள வந்து நெத்தியில கை வெச்சுப் பார்த்தீங்க. திட்டணும்னுதான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துடுச்சு.

— பேசிப் பேசியே என் பெட்டியை அவிழ்க்கப் பார்க்கற. கடைசி ஸ்டாப்பு வந்தும் இறங்காம உக்காந்திருக்கறவங்களை எத்தனை பேரைத் தட்டி எழுப்பி இறக்கி விட்டிருக்கேன்! என்னை ஒருத்தன் எழுப்பணுமா? உனக்கு நான் வர்றது கஷ்டமில்லன்னா, பூட்டு எதுக்கு?

— அது... கடைக்குப் போனப்ப சும்மா...

— பார்த்தியா, மழுப்பற.

— அவர் இப்ப வந்துடுவார். அவர்கிட்டயே கேளுங்களேன்.

— அவன்கிட்டயா? கால் நீட்ட இடமில்லாம வளர்ந்தவன், அவனுக்குப் பூட்டைப் பத்தி என்ன தெரியும்? சரியான அழுத்தக்காரன். அவங்கம்மாவை எடுத்துக்கிட்டுப் போன அன்னைக்குக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, வந்தவங்களுக்கெல்லாம் தண்ணி கொடுத்துக்கிட்டு நின்னான். அவன் மூஞ்சி கொஞ்சம் வாடினா உடனே நான்தான் எதையாவது உளறிச் சிரிப்பு மூட்டறேன். விடு. பூட்டு யாருக்காக? ஒத்தை வரியில சொல்லு, தாங்கிக்கறேன்.

— சொன்னா போக மாட்டீங்களே?

— முதல்ல சொல்லு.

— வாங்கினது உங்க பிள்ளை மாமா. நீங்க ஓடி வந்து சிரிக்க வைக்காத ஒரு அரைமணி நேரம் வேணுமாம் அவருக்கு, அம்மாவை நெனச்சு வாய்விட்டு அழறதுக்கு.